மதிப்புரைப் பிரதி

அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கு நாட்கள் என்னோடு தங்கினான். 2025 தீபாவளிக்கு முந்தின வாரம். வந்த காரியம், ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவது. உன் ஊரில் கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் இங்கே பத்துக் கடை ஏறி இறங்கலாம் என்றான். முதல் நாள் ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வந்தான். இரண்டாம் நாளும் அப்படியே. ராத்திரி வெகுநேரம் வரை காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யாரோ ஆஸ்திரேலியர் ஒருவர் வரைபடம் வரைபடமாகக் காட்டிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்குப் படிக்கிறவன் முகம்.

“எட்டு மாசமாப் பாத்துட்டு இருக்கேன் மாமா. அந்தக் கம்பெனி என்ன சொன்னாலும் நம்ப முடியல.”

“அப்ப வேற கம்பெனியோடத வாங்கேன்.”

“கடைசில இவங்களோடதத்தான் வாங்குவேன்” என்றான்.

இதைச் சொல்லும்போது அவன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. விற்கிறவன் வார்த்தையில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் அவனிடம்தான் வாங்கப்போகிறேன் என்பதை மழை வரும்போல் இருக்கிறது என்கிற தொனியில் சொன்னான். இந்த நிலைமை எனக்குப் பழக்கமில்லாதது அல்ல. நாமும் சில பத்திரிகைகளை அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் அவன் அவநம்பிக்கைக்கு என்னுடையதில் இல்லாத ஒரு ஒழுங்கு இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் தெரியும் காட்சி புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080, ஆக 20 லட்சத்துக்கு மேல். விளையாட்டில் ஒரு தெரு வந்தால் அந்தத் தெருவின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடப்பட வேண்டும். அதுவும் விநாடிக்கு அறுபது தடவை, நூறு தடவை. இந்தக் கணக்கைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு. அதன் மூளையைச் செய்கிற கம்பெனி என்விடியா. 1993ல் கலிபோர்னியாவில் மூன்று எஞ்சினியர்கள் தொடங்கியது. 1999ல் ஜீபோர்ஸ் என்ற பெயரில் முதல் கார்டு வந்தது. ஜான் பெடி ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2025ல் மேஜைக் கம்ப்யூட்டர்களுக்காகத் தனியாகப் போன கார்டுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இந்தக் கம்பெனியின் மூளை கொண்டவை. மிச்சத்தை ஏஎம்டியும் இன்டெலும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அக்கா மகனின் “கடைசில இவங்களோடது” என்பதன் அர்த்தம் இந்த எண்ணில் இருக்கிறது.

ஏன் நம்ப முடியவில்லை என்று கேட்டேன். ஒரு வழக்கறிஞனைப்போல் வரிசையாக, தேதிகளோடு சொன்னான்.

2014 செப்டம்பரில் ஜிடிஎக்ஸ் 970 என்று ஒரு கார்டு வந்தது. விலை 329 டாலர், நினைவகம் 4 ஜிபி. நல்ல கார்டு. விமர்சகர்கள் எல்லோரும் கொண்டாடினார்கள். சில மாதங்கள் கழித்து, வாங்கியவர்களில் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள்: கார்டு மூன்றரை ஜிபிக்கு மேல் போகத் தயங்குகிறது. ஒருவர் எழுதின சின்னப் பரிசோதனை நிரலை எல்லோரும் தங்கள் கார்டில் ஓட்டிப் பார்த்தார்கள். 2015 ஜனவரியில் கம்பெனி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. நாலு ஜிபி இருப்பது வாஸ்தவம். ஆனால் கடைசி அரை ஜிபி தனியாகப் பிரிக்கப்பட்டது, மற்றதைவிட வேகம் மிகக் குறைவு. போதாததற்கு, உள்ளே இருக்கும் வேறொரு உறுப்பு 64 என்று விமர்சகர்களுக்குத் தந்த குறிப்பில் இருந்தது, உண்மையில் 56. எஞ்சினியர்களுக்கும் விற்பனைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் இடையே தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றது கம்பெனி. அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2016ல், வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் தருவதாகச் சமரசம் ஆயிற்று.

இந்தக் கதையில் என்னை உறுத்தினது கம்பெனி இல்லை. விற்கிறவன் கூட்டிச் சொல்வது சந்தையின் இயல்பு. உறுத்தினது அந்த விமர்சகர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கார்டை ஓட்டிப் பார்த்து வேகத்தை அளந்தார்கள், அளந்ததெல்லாம் சரி. ஆனால் அளக்காத இடத்தில் கம்பெனி கொடுத்த குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டார்கள். 64 என்று அச்சாகியிருந்தது, 64 என்று எழுதினார்கள். நம் மதிப்புரைகளில் இது எத்தனை தடவை நடந்திருக்கிறது! முன்னுரையில் ஆசிரியர் ‘பதினைந்து வருஷ உழைப்பு’ என்று எழுதியிருந்தால் மதிப்புரையிலும் பதினைந்து வருஷ உழைப்பு. பின்னட்டையில் ‘மூன்று தலைமுறைகளின் கதை’ என்றால் நாமும் மூன்று என்போம். எண்ணிப் பார்த்தால் இரண்டரை இருக்கும். எண்ணிப் பார்ப்பவன் வாசகன்தான், காசு கொடுத்து வாங்கினவன்.

அவன் சொன்ன இன்னொரு சம்பவம் 2020 டிசம்பரில் நடந்தது. ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் என்று ஆஸ்திரேலியாவில் இருவர் நடத்தும் விமர்சனப் பக்கம். அவன் ராத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தது இவர்களைத்தான். அந்தச் சமயத்தில் கம்பெனி ரே டிரேசிங் என்ற முறையைப் பெரிதாக முன்வைத்துக்கொண்டிருந்தது. ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்பதைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் உண்டாக்கும் முறை. பார்க்க அழகு, கார்டுக்குப் பாரம். ஆஸ்திரேலியர்கள் பழைய முறையில் கார்டு எவ்வளவு வேகம் என்பதற்கே தங்கள் விமர்சனத்தில் அதிக இடம் தந்தார்கள். பெரும்பாலான விளையாட்டுகள் அப்போது பழைய முறையில்தான் ஓடின. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனி எங்கள் சொந்தத் தயாரிப்புக் கார்டுகளை உங்களுக்கு விமர்சனத்துக்கு அனுப்புவதற்கில்லை, உங்கள் பார்வை மாறினால் மறுபடி யோசிக்கிறோம் என்பது சாரம். அவர்கள் அதை ஒளிக்காமல் வெளியே சொன்னார்கள். மற்ற விமர்சகர்களும் வாசகர்களும் சத்தம் போட்டார்கள். ஓரிரு நாட்களில் கம்பெனி மன்னிப்புக் கேட்டுக் கடிதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது.

“உங்க லைன்ல இப்படியெல்லாம் உண்டா மாமா? புக் அனுப்ப மாட்டோம்னு?” என்று கேட்டான்.

கிடையாது என்றேன். கடிதம் எழுதுவது கிடையாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் நடந்தது. ஒரு பிரசுரகர்த்தர், பெயர் வேண்டாம், புத்தகங்களை நேர்த்தியாக அச்சிடுபவர். பழுப்புக் காகிதத்தில் கட்டி, உள்ளே முதல் பக்கத்தில் ‘மதிப்புரைக்கு’ என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டு வருகிற நாள் வீட்டில் விசேஷம் மாதிரி. குமாஸ்தா சம்பளத்தில் அத்தனை புத்தகங்களை நான் வாங்கியிருக்க முடியாது. அவர் வெளியிட்ட நாவல் ஒன்றைப் பற்றிக் கடுமையாக எழுதினேன். பின்பாதி நாவலே இல்லை என்று. அதற்குப் பிறகு ஒரு வருஷம் கட்டு வரவில்லை. சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஒரு வெளியீட்டு விழாவில் பார்த்தபோது உடம்பை விசாரித்தார், காபி வாங்கிக் கொடுத்தார். மறு வருஷம் மறுபடி ஒரு கட்டு வந்தது. அதில் இருந்த நாவல் முந்தினதைவிட மோசம். மூன்று பக்கம் எழுதினேன். ஒரு பக்கம் அட்டையையும் அச்சையும் பற்றி. இன்னொரு பக்கம், தமிழில் இதுவரை எழுதப்படாத நிலப்பரப்பு என்பதைப் பற்றி. ‘நானூறு பக்கங்களுக்குப் பிறகும் அது எழுதப்படாமலே இருக்கிறது’ என்று கைப்பிரதியில் ஒரு வாக்கியம் இருந்தது. தபாலில் சேர்ப்பதற்கு முன்பு அதை அடித்தேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. தென்பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார். ‘தங்கள் மதிப்புரையைப் படித்துவிட்டு நாவலை வாங்கினேன். ரூ. 120.’ வேறொன்றும் இல்லை. பாராட்டா, வசவா என்று புரியாதவன்போல் சில நாட்கள் இருந்தேன். பிறகு நன்றாகப் புரிந்தது. இப்போதும் வைத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியர்களின் கதையைக் கேட்டபோது எனக்கு வந்தது பொறாமை. ஒரு பெரிய கம்பெனி தன்னை அளக்கிறவனுக்குப் பயந்து கடிதம் எழுதுகிறது. அவன் அதை எடுத்துப் படித்துக் காட்டுகிறான். வாசகர்கள் அவன் பக்கம் நிற்கிறார்கள். அந்த அவநம்பிக்கை காரியமும் செய்திருக்கிறது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளைக் கம்பெனி அறிவித்தது. ஒன்று 16 ஜிபி, 1199 டாலர், மற்றது 12 ஜிபி, 899 டாலர். வித்தியாசம் நினைவகத்தில் மட்டும் இல்லை. உள்ளே கணக்குப் போடும் அலகுகள் ஒன்றில் 9728, மற்றதில் 7680. ஒரே தலைப்பை இரண்டு நாவல்களுக்குப் போட்டு, ஒன்று சுருக்கப் பதிப்பு என்று சொல்லாமல் விற்பதுபோல. வாசகர்கள் விடவில்லை. அக்டோபர் 14ந் தேதி கம்பெனி சின்னதை வாபஸ் வாங்கிக்கொண்டது. அது 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற வேறு பெயரில், 799 டாலருக்கு வந்தது. சந்தேகத்தின் விலை நூறு டாலர் என்று அக்கா மகன் சொன்னான்.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் கம்பெனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு முந்தின தலைமுறையின் 1599 டாலர் 4090க்குச் சமம் என்கிற மாதிரி அறிவித்தார். அதன் உள்விஷயத்தை அக்கா மகன் எனக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினான். புதிய கார்டு ஒரு காட்சியைக் கணக்கிட்டுவிட்டு, அடுத்த காட்சிக்கு முன்னால் மூன்று காட்சிகளை ஊகித்து இட்டு நிரப்புகிறது. நான்கில் ஒன்றுதான் விளையாட்டிலிருந்து நேராக வருவது. கண்ணுக்கு நீர்போல் ஓடும். ஆனால் நீ பொத்தானை அழுத்தினதற்கு விளையாட்டு பதில் சொல்வது அந்த ஒன்றில்தான்.

“கண்ணு ஏமாந்துடும் மாமா. கை ஏமாறாது.”

அந்த ஊகிக்கும் வித்தையை அவன் குறை சொல்லவில்லை. அதிசயமான வேலை என்றான். அவன் ஆட்சேபம் ‘சமம்’ என்ற சொல்லின்மேல். மார்ச்சில் கார்டு வெளிவந்து விமர்சகர்கள் அளந்தபோது, இட்டு நிரப்பாமல் அது 4090க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மே மாதம் 5060 என்ற மலிவான கார்டு கடைக்கு வந்தபோது, அதை ஓட்டத் தேவையான மென்பொருள் விற்பனை தொடங்குவதற்கு முன் பெரும்பாலான விமர்சகர்களுக்குக் கிடைக்கவில்லை. சிலருக்கு மட்டும், இந்த விளையாட்டுகள், இந்த அமைப்பு என்று வரையறை போட்டு முன்னோட்டம் எழுத இடம் தரப்பட்டது. முதல் நாள் வாங்கினவர்கள் மதிப்புரை இல்லாமல் வாங்கினார்கள்.

இங்கே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: அளக்கிறவனுக்குப் பயப்படுகிறார்கள், ஆகவே அளப்பதற்கு மதிப்பு இருக்கிறது. அவனிடம் சொல்லவும் செய்தேன். சிரித்தான். “அந்தப் பயமும் போயிட்டு இருக்கு மாமா” என்று கம்பெனியின் வரவு செலவை எடுத்துக் காட்டினான். அதன் நிதியாண்டு ஜனவரிக் கடைசியில் முடிகிறது. 2022ல் முடிந்த ஆண்டில் மொத்த வருமானம் சுமார் 2,690 கோடி டாலர். அதில் விளையாட்டுக் கார்டுகள் சுமார் 1,250 கோடி. பாதிக்குக் கொஞ்சம் குறைவு, எல்லாப் பிரிவுகளிலும் பெரியது. 2025ல் முடிந்த ஆண்டில் மொத்தம் சுமார் 13,050 கோடி. விளையாட்டு சுமார் 1,135 கோடி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் பெரும்பாலும் செயற்கை அறிவுக்கான கம்ப்யூட்டர் கூடங்களிலிருந்து வருவது.

இதற்கு வழி போட்டதே விளையாட்டுக் கார்டுதான். 2012ல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில், படங்களை அடையாளம் காணக் கம்ப்யூட்டரைப் பழக்கி இந்தத் துறையையே திருப்பின ஆராய்ச்சி, கடையில் விற்கும் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 விளையாட்டுக் கார்டுகளில் நடந்தது. விளையாடுகிறவர்கள் இருபது வருஷம் வாங்கி வாங்கி வளர்த்த கம்பெனி இன்று அவர்கள் வாங்காவிட்டாலும் நடக்கும்.

இடையில் கிரிப்டோ நாணயக்காரர்கள் வேறு. அதே கார்டுகளை நாணயம் உண்டாக்க மூட்டையாக வாங்கினார்கள். 2018 நிதியாண்டில் விளையாட்டுப் பிரிவின் வளர்ச்சியில் அவர்களுக்குக் கணிசமான பங்கு இருந்ததை முதலீட்டாளர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. கம்பெனி, ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 2022ல் 55 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இதைக் கேட்டபோது எனக்கு நூலக ஆர்டர் ஞாபகம் வந்தது. அறுநூறு பிரதி நூலகத்துக்குப் போய்விட்டால் அறுநூறு வாசகர்கள் என்று நாமும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான்.

ஆக, ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் அவனைப் போன்றவர்களுக்குப் பழையது. புதியது, நாம் தேவையில்லை என்கிற சந்தேகம். ஏமாற்றுகிறவனுக்காவது நான் வேண்டும். விற்கிறவனுக்கு வாங்குகிறவன் தேவைப்படாதபோது வாங்குகிறவனின் கோபத்துக்கு என்ன பலம்? 2022ல் நூறு டாலரைக் குறைக்க வைத்த சத்தம் இனிமேல் எத்தனை டாலரைக் குறைக்கும்?

இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. சிறுபத்திரிகைக்காரனாகிய எனக்குத்தான் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. யாருக்கும் தேவைப்படாத விமர்சனத்தை எழுதுவதில் நமக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் அனுபவம். முந்நூறு பிரதி அச்சிட்டு நூறை விற்று, அதில் ஒரு நாவலைத் தவறான நாவல் என்று சொன்னால் அதன் விற்பனை ஒரு பிரதிகூடக் குறைந்ததில்லை. நம் சொல்லுக்கு விலை இல்லை என்பதையே நமக்கு ஒரு சௌகரியமாக ஆக்கிக்கொண்டோமோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. விளைவு இல்லை என்றால் வாக்கியத்தை வைத்தால் என்ன, அடித்தால் என்ன? நான் அடித்த அன்று எனக்குள் ஓடின நியாயம் இதுதான். அந்த நியாயத்தில் வாத்தியார் இல்லை. விளைவே இல்லாத என் மதிப்புரைக்கு 120 ரூபாய் விளைவு இருந்தது.

மூன்றாம் நாள் மாலை அவன் கார்டை வாங்கிக்கொண்டு வந்தான். எல்லோரும் சொன்ன மாடல் இல்லை, ஒரு படி கீழே, ஆனால் நினைவகம் அதிகம். ஏன் என்பதற்கு அரைமணி நேரம் காரணம் சொன்னான். பெட்டியின்மேல் போட்டிருந்த எந்த வாசகத்தையும் அவன் அந்த அரைமணியில் பிரஸ்தாபிக்கவில்லை.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது விளையாடிக் காட்டினான். மழை பெய்து நின்ற ஒரு ராத்திரித் தெரு. தேங்கின தண்ணீரில் கடை விளக்குகள் தலைகீழாக நின்றன. யாரோ மிதித்து நடந்ததும் கலைந்து மறுபடி கூடின. நிஜத்தில் இப்படி நின்று பார்த்து எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது. அழகு என்று வாய்விட்டுச் சொன்னேன். “ஆமா மாமா” என்றான். அவன் கண்கள் அவ்வப்போது திரையின் இடது மூலைக்குப் போய் வந்தன. அங்கே பொடி எழுத்தில் சில எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. விநாடிக்கு எத்தனை காட்சி, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது. விளையாடும்போதுமா என்றேன். எப்பவும் இருக்கும், பழகிடுச்சு, இது இல்லாம வெளையாட முடியல என்றான்.

அழகு அந்த எண்களால் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது, கவனமும் இருந்தது. ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்யவில்லை.

ஊருக்குத் திரும்பினதும் அந்த நாவலைத் தேடி எடுத்தேன். ‘மதிப்புரைக்கு’ என்ற ஸ்டாம்பு மை ஊதா நிறத்தில் பக்கம் தாண்டி ஊறியிருக்கிறது. நானூறு பக்கங்கள் என்று எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்தேன். முந்நூற்று எழுபத்திரண்டு.